மூன்று மாத ஓய்வு

உருளைக்கிழங்கு ஆம்லெட்டில் வெங்காயம் சேர்த்தால் அம்பாரோவுக்குப் பிடிக்காது. வெங்காயம் இல்லாமல் எனக்கு இறங்காது. ஆனாலும் ஐந்து வருடம் அவளுக்காக வெங்காயம் இல்லாமல்தான் செய்தேன். அவளை எப்படி வைத்திருந்தேன் என்று கேட்டீர்களே இன்ஸ்பெக்டர், அதற்காகச் சொல்கிறேன்.

பதினோரு வயதில் என்னிடம் டென்னிஸ் கற்க வந்து, என் வீட்டிலேயே தங்கினாள். அவளுடைய பெற்றோர் காண்டியா துறைமுகத்தில் மீன் கடை வைத்திருப்பவர்கள். கடையை விட்டு, நான் இருக்கும் வலென்சியாவுக்கு வந்து இருக்க முடியாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நானே கையெழுத்துப் போடலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

நானும் ஆடியவள்தான். உலகத் தரவரிசையில் நூற்று எண்பத்தேழாவது இடம் வரை போனேன். ஒரு ஆட்டத்தில் தோற்றால் இரண்டு நாள் சாப்பிட மாட்டேன். அம்பாரோ தோற்றால் அன்று மாலையே ஐஸ்கிரீம் கேட்பாள். அடுத்த வாரம் ஜெயித்துவிடுவாள். நான் பந்தைத் துரத்தித் துரத்தி ஓடியவள். அவள் நிற்கும் இடத்துக்குப் பந்து தானே வந்து சேரும்.

அவளுடைய பதினாறாவது பிறந்தநாளன்று, என்னைப் பற்றி வந்த பழைய பத்திரிகைச் செய்தி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“பிலார், நூத்தி எண்பத்தேழுதான் உங்க பெஸ்ட்டா?”

“ஆமா.”

“உங்க சர்வீஸை வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் போனதே பெரிய விஷயம்.”

கேலி இல்லை, மனதாரப் பாராட்டினாள். கேலியாக இருந்திருந்தால் மறந்திருப்பேன்.

அந்த மார்ச்சில் முதுகு வலிக்கிறது என்றாள். ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன். அவள் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது டாக்டர் எனக்குப் படத்தைக் காட்டினார். கீழ் முதுகெலும்பில் மயிரிழை அளவு விரிசல்.

“மூணு மாசம் மட்டையைத் தொடக் கூடாது. சின்ன வயசு, தானா கூடிடும். சர்வீஸ் போட்டுக்கிட்டே இருந்தா உடைஞ்சே போயிடும்,” என்று அறிக்கையை என்னிடம் கொடுத்தார்.

காரில் ஏறியதும் அம்பாரோ கேட்டாள். “என்ன சொன்னாரு?”

“சதைப் பிடிப்புதான். முதுகுக்கு பலம் பத்தலையாம்.”

“அவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன்.”

வழியெல்லாம் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டு வந்தாள். அவளுக்கு நல்ல குரல்.

மறுநாளிலிருந்து தினம் நூறு சர்வீஸ் என்பதை இருநூறாக்கினேன். வலி மாத்திரையை நானே கொடுத்தேன், சாப்பாட்டுக்கு அப்புறம்தான், வயிறு கெட்டுவிடக் கூடாதே. சில நாள் அவளே, “இன்னும் பத்து போடட்டுமா?” என்பாள். “போடு கண்ணு,” என்பேன். ஏழு வாரம். ஒரு நாள்கூட அவள் முகம் சுளிக்கவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

மே மாதம், பார்சலோனாவில், ஜூனியர் போட்டியின் அரையிறுதி. எழும்பிச் சர்வீஸ் அடித்தாள். பந்து கோட்டின் மூலையில் விழுந்தது, எதிரில் இருந்த பெண் அசையவே இல்லை. கூட்டம் கைதட்டியது. அம்பாரோ எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இப்போது முதுகில் இரண்டு திருகாணி வைத்திருக்கிறார்கள். நடக்கிறாள். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. இனி ஆட முடியாது.

பொறாமையா என்று கேட்டீர்கள். அவள் முதல் பத்துக்குள் வந்திருப்பாள். அதைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து நான் கைதட்டிப் பார்த்திருக்க வேண்டும். என்னால் முடியாது என்று தெரிந்தது. அதனால் அறிக்கையை மறைத்து அவள் முதுகை உடைத்தேன். நீங்கள் அதற்கு என்ன பேர் வைத்தாலும் சரி.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க பிலார். உங்க இத்தனை வருஷ உழைப்பையும் வீணாக்கிட்டேன்.”

“பரவால்ல, விடு,” என்றேன்.

அவளை நான் மனதார மன்னித்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.