நான்கு நிமிடத் திருத்தம்

முதலில் டீயைக் குடியுங்கள் ஐயா, ஆறிப்போகிறது. காற்றுக்கு எதிராக எந்தப் படகும் நேராகப் போவதில்லை. இப்படியும் அப்படியுமாகத் திரும்பித் திரும்பித்தான் ஏற வேண்டும். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

எங்கள் பாய்மரக் கழகத்தில் பதினோரு வருடங்களாக நான்தான் அளவையாளன். பந்தயத்துக்கு வரும் கேட்டமரான்களை, அதாவது இரண்டு ஒல்லி உடல்களைக் குறுக்குக் குழாயால் இணைத்த படகுகளை, எடை போடுவேன். எந்த வகை காற்றெதிரில் எவ்வளவு தேறும் என்று அட்டவணை போடுவேன். அடியில் செங்குத்துப் பலகை உள்ள வகை காற்றுக்கு நெருக்கமாக ஏறும். பலகை இல்லாத வகை ஓடும், ஆனால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவும். ஆகவே காற்றெதிரில் ஏறிப்போய்ச் சுற்ற வேண்டிய முதல் மிதவைக்கு, பலகை உள்ளதைவிட அது நான்கு நிமிடம் தாமதமாக வர வேண்டும். வர வேண்டும் என்றால் வர வேண்டும்.

என் தங்கையின் கணவருக்கு இது புரியவில்லை. பலகை இல்லாத ஒற்றையாள் படகில், தொடர்ந்து இரண்டு பந்தயங்களில் முதல் மிதவையை அவர்தான் முதலில் சுற்றினார். அலையைப் பார்த்து ஓட்டினாராம். அட்டவணையில் அலைக்கு நான் இடம் விட்டிருக்கவில்லை.

படகுக் கொட்டகையில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்:

"என்ன மச்சான், என் படகு உங்க அட்டவணையைப் படிக்கலையாம். ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. சிரிக்காதவர் செயலாளர் மட்டும்தான்.

"சார், மூணாவது தடவையும் இப்படியே ஆச்சுன்னா உங்க அட்டவணையை விட்டுட வேண்டியதுதான். வெளியாளை வச்சுப் போட்டுக்கலாம்."

அட்டவணை தவறாக இருக்க முடியாது. அப்படியானால் படகில்தான் பிழை. பிழையைத் திருத்துவது அளவையாளனின் கடமை அல்லவா?

ஒவ்வொரு உடலின் பின்முனையிலும் உள்ளே தேங்கும் நீரை வடிக்க ஒரு திருகுமூடி இருக்கும். பந்தய நாள் காலையில் எல்லா மூடிகளையும் திறந்து பார்த்து, மூடி, மேலே என் கையெழுத்துப் போட்ட நாடாவை ஒட்டுவேன். அதற்குமேல் யாரும் தொடக்கூடாது, விதி. அவருடைய படகின் இடது மூடியில் இருந்த ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டு, வெடித்த பழைய வளையம் ஒன்றைப் போட்டேன். மிதவை போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு நீர் ஏறும், அது எத்தனை நிமிடத்தைத் தின்னும் என்று கணக்கிட்டிருந்தேன். நான்கு. ஒரு நொடி கூடுதலாக ஆசைப்படவில்லை.

அவர் நாடாவைப் பார்த்தார். "மச்சான் கையெழுத்து இருந்தாப் போதும், கண்ணை மூடிட்டு ஏறலாம்" என்றார். ஏறினார்.

பலகை இல்லாத படகு திரும்பும்போது வேகம் போய்விடும். அதனால் அடிக்கடி திரும்பாமல் ஒரே வாக்கில் நெடுநேரம் ஓட்டுவார்கள். அன்று காற்று வலப்பக்கம். இடது உடல் அவ்வளவு நேரமும் நீரில் அழுந்தியே இருந்திருக்கும். இது எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். அட்டவணையின் ஏழாம் பக்கத்தில் நான் எழுதியதுதான்.

நடுவர் படகில் நிறுத்துக் கடிகாரத்தோடு நான் இருந்தேன். தொலைவில் அவர் பாய் சாய்ந்தது, பிறகு தெரியவில்லை. மீட்புப் படகுக்காரர் கேட்டார்:

"கவுந்துடுச்சு போல இருக்கே சார். போகட்டுமா?"

"அலை மறைக்குது. அந்த வகை காத்தெதிர்ல மெதுவாத்தான் வரும். பொறுங்க."

பத்தொன்பது நிமிடம் பொறுத்தார். அளவையாளன் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை. படகுக்கு வெளியே சாய்ந்து ஓட்ட இடுப்பில் கட்டும் கொக்கி கம்பியில் மாட்டிக்கொண்டு, நீருக்குள் பாய்க்கு அடியில் இருந்தாராம். எடுத்தபோது உயிர் இல்லை.

தங்கை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அண்ணா, அவர் கவுந்தது உனக்குத் தெரிஞ்சுதா?" கவிழ்ந்த நேரத்தை நிமிடம், நொடியோடு சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சரியான விவரம் எல்லோருக்கும் பிடிப்பதில்லை.

ஆம், நான்தான் செய்தேன். ஆனால் ஒன்றை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா: அந்த மூன்றாவது பந்தயத்தை நான் அட்டவணையின் சராசரியில் சேர்க்கவில்லை. சேர்த்தால் முடிவு எனக்குச் சாதகமாகிவிடும். நேர்மை என்று ஒன்று இருக்கிறது.