வேப்பமர நிழலுக்கு ஒரு கணக்கு

— முஸ்தஃபா பாய், மரத்துல கைய வெச்சீங்கன்னா நடக்கறதே வேற! மெஷின கீழ வைங்க மொதல்ல. அண்ணா, வெளிய வா!

— இன்னாத்துக்கு காலங்காத்தால இந்தக் கத்து கத்தற, கவி? தெருவே பாக்குது.

— பாக்கட்டும். என் பாகத்துல நிக்கற மரத்த வெட்ட, கனகம்மாசத்திரத்துலேந்து ஆளக் கூட்டினு வர நீ யாரு? நான் ஸ்கூலுக்குப் போனதும் சாச்சிடலாம்னு பாத்தியா?

— ஆங், பாத்தேன். புயல் வருதுன்னு டிவில கத்திகினு கீறான். மரம் விழுந்தா என் வீடு காலி. உன் பொண்ணு ஷாலினிகிட்ட போன வாரமே சொல்லி அனுப்பினேன், நீ காதுல வாங்கல.

— வாங்கினேன். அதனாலதான் ஞாயித்துக்கெழம வெயில்ல நின்னு அளந்தேன். கேளு.

— நைனா போனதுலேந்து என் வாசப்படி மிதிக்காதவ, இப்ப கணக்கு டீச்சரா வந்துட்டா.

— மூணு அடி குச்சி நட்டேன். அதோட நிழல் நாலு அடி. அதே நேரத்துல மரத்தோட நிழல் அம்பத்திரெண்டு அடி. ரெண்டுக்கும் ஒரே வெயில், ஒரே சாய்வு. ரெண்டு முக்கோணமும் ஒரே வடிவம், ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு, அவ்ளோதான். அப்ப மரம் முப்பத்தொம்பது அடி. அடிமரத்துலேந்து உன் செவுரு நாப்பத்தஞ்சு அடி. வேரோட விழுந்தாலும் ஒரு எல கூட உன் வீட்டத் தொடாது.

— என் கொல்லையில எப்ப வந்து அளந்த?

— உன் கொல்லையில எவ கால வெப்பா? வேலிக்கு வெளிய, தெருவோரமாவே டேப்பு புடிச்சேன்.

— தோ பாரு, நிழலு, குச்சி எல்லாம் உன் பசங்ககிட்ட வெச்சுக்க. மரம் இன்னிக்குப் போவணும்.

— போவாது! உனக்கு நைனா மேல கோவம். ரோட்டோரத்து எடத்த எனக்குக் குடுத்துட்டாரேன்னு. அவர் வெச்ச மரத்து மேல அதக் காட்டற.

— அறைஞ்சேன்னா பாரு! அவரு வெச்சாரு, கொடம் கொடமா தண்ணி ஊத்தி வளத்தவன் நானு!

— அப்ப ஏன் வெட்டற? உன் வீட்டுக்கு ஆபத்து இல்லன்னு கணக்கே காட்டிட்டேனே!

— என் வீட்டுக்கு இல்லதான்டி! வேலிக்கு இந்தாண்ட வந்து பாத்தியா நீ? மண்ணு பொளந்துகினு வேரு மேல தூக்கிட்ச்சு. என் பக்கம் வேரு தூக்கினா, மரம் எந்தப் பக்கம் சாயும்?

— ...எங்க பக்கம்.

— என் செவுரு வரைக்கும் டேப்பு புடிச்சியே, ஷாலினி படுக்கற ரூமு வரைக்கும் புடிச்சியா?

— இத மொதல்லயே சொன்னா இன்னா, அண்ணா?

— உனுக்காக வெட்டறேன்னு சொன்னா வுட்டுருப்பியா? உன் அக்கறையே வேணாம்னு மூஞ்சில கதவச் சாத்தியிருப்ப. திட்டேன் இப்போ!

— முஸ்தஃபா பாய், மெஷின எடுங்க. கயித்த எங்கண்ணன் வீட்டுப் பக்கம் இழுத்துக் கட்டி, அந்தப் பக்கமே சாயுங்க. ஆறு அடி மிச்சம் இருக்கு. நான் அளந்துட்டேன்.