ஒரே பானையில் இருவருக்கு

எனக்குப் பந்தாட்டம் பிடிக்காது. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்வதில்லை. ஞாயிறு மதியம் தெருவே கத்திக்கொண்டிருக்கும்போது நான் ஜன்னலைச் சாத்திவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருப்பேன். கிளெய்ட்சன் ஆடிய ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. அவன் கால் என்ன செய்கிறது என்பதில் எனக்கு அக்கறை இருந்ததில்லை. அவன் சாப்பிட்டானா என்பதுதான் என் கவலை.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன், அதிகாரி அம்மா. என் பெயர் டால்வா. கம்பினாஸ் நகரத்துக்கு வெளியே மேட்டுக் குடியிருப்பில் இருக்கிறேன். கணவர் பேருந்து ஓட்டினார், சர்க்கரை நோயில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. சுல்மிரா எனக்குப் பக்கத்து வீடு. அவள் மகன் கிளெய்ட்சனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் நான். அன்றிலிருந்து அவள் எனக்குக் கொமாத்ரே, நான் அவளுக்குக் கொமாத்ரே. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வதில்லை. கூடப் பிறந்தவளைவிட அந்த உறவு ஒரு படி மேல்.

சுல்மிரா அப்போது நகரத்தில் வீடு துடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். விடியுமுன் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். பையன் பள்ளி விட்டு நேராக என் வீட்டுக்கு வருவான். பையை எறிந்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். கறுப்பு அவரையும் சோறும் போடுவேன். அவரை வேகும்போது, தணலில் காட்டிய ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு சேர்ப்பேன். எங்கள் தெருவில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அந்தப் பையனின் எலும்பில் ஏறிய சதை என் பானையிலிருந்து போனது. பெருமைக்காகச் சொல்லவில்லை. இது தெரியாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது.

அவன் பெரிய ஆளானான். இத்தாலிக்கு ஆடப் போனான். வாசலில் காவலாளி நிற்கும் குடியிருப்பில், நீச்சல்குளத்தோடு, தாய்க்கு வீடு கட்டினான். எனக்கு ஒரு ஃபிரிட்ஜ் அனுப்பினான். நல்ல ஃபிரிட்ஜ். சுல்மிராவும் என்னை மறந்துவிடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு தவறாமல் என் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். தான் உடுத்தி அலுத்த உடைகளைப் பையில் போட்டு எடுத்து வருவாள். நான் வாங்கிக்கொள்வேன்.

பிறகு அந்தத் தொலைக்காட்சிப் பேட்டி வந்தது. முனையில் இருக்கும் மதுக்கடையில் தெரு முழுக்கக் கூடிப் பார்த்தோம். நானும் நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அந்தக் கஷ்ட காலத்தில் யார் துணையாக இருந்தார்கள் என்று பேட்டி எடுத்தவள் கேட்டாள். சுல்மிரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒருத்தரும் இல்லம்மா. எம்புள்ள எத்தனையோ நாள் பசியோட படுத்திருக்கான். அந்தத் தெருவுல ஒரு தட்டு சோறு நீட்ட ஒரு கை இல்ல."

கடையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மீன் விற்கும் லவுரிவால்தான் முதலில் வாயைத் திறந்தான். "என்ன டால்வாக்கா, அப்போ உன் வீட்டுல அவன் தின்னதெல்லாம் சொப்புச் சோறா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த முறை சாப்பிட வந்தபோது அவள் அதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சாப்பிட்டுக் கை துடைத்தபிறகு கேட்டாள்: "டிவியில என் முடி எப்படி இருந்துச்சு கொமாத்ரே?"

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

என் அண்ணன் மகன் எட்வானின் யோசனை இது என்று உங்கள் ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பாவம், அவனுக்கு யோசனையெல்லாம் வராது. வண்டி ஓட்டுவான், சொன்னதைச் செய்வான். அந்தச் சமயத்தில் ஆட்டக்காரர்களின் தாய்மார்களைத் தூக்கிக்கொண்டு போவது செய்தியில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. பணம் கைமாறும். தாய் வீடு திரும்புவாள். மகன் கட்டிப்பிடித்து அழுவதைக் காட்டுவார்கள். எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். என் வீட்டுக்கு வரும்போது அவள் காவலாளியைக் கூட்டி வருவதில்லை என்று எட்வானிடம் நான்தான் சொன்னேன். திரும்பும்போது கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் வண்டியை மெதுவாக ஓட்டுவாள் என்பதையும் சொன்னேன். அவன் சிநேகிதர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டான். அவர்களுக்கு வேண்டியது பணம். எனக்கு அதில் பங்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிறு அவளுக்கு இரண்டாம் முறையும் பரிமாறினேன். வெறும் வயிற்றோடு போக வேண்டாமே என்று.

இட்டூ ஊருக்குப் போகும் சாலையில் என் கணவரின் பங்காளி விட்டுப் போன பண்ணை வீடு ஒன்று சும்மா கிடந்தது. பின்னறையில் கட்டில், புதுப் போர்வை, மின்விசிறி எல்லாம் போட்டுக் கொடுத்தேன். கதவைத் தட்டினால் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்று எட்வான் அவளிடம் சொல்லியிருந்தான். உள்ளே போகும்போது நான் வாயே திறக்கமாட்டேன். அவளுக்கும் சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாமல் முடியாது. மருந்தை வாங்கி வைத்திருந்தேன். ஊசியை நானே போட்டேன். கணவருக்குப் போட்டுப் பழகிய கை.

கிளெய்ட்சன் இத்தாலியிலிருந்து ஓடி வந்தான். பெரிய வீட்டில் உறவுக்காரர்களும் போலீஸும் வக்கீல்களும் நிறைந்திருந்தார்கள். அடுப்பைப் பார்க்க ஆளில்லை. நான் போனேன். காலையில் சுல்மிராவின் சமையலறையில் பெரிய பானை வைப்பேன். எல்லோருக்கும் பரிமாறிய பிறகு, படுக்கையில் கிடக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று சொல்லி ஒரு தூக்கில் கொஞ்சம் எடுத்துக்கொள்வேன். மதியப் பேருந்தில் பண்ணைக்குப் போய்விடுவேன். தாயும் மகனும் ஒரே பானைச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். நினைத்தால் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

ஒருநாள் அவன் கரண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். "சின்ன வயசுல தின்ன அதே ருசி ஞானம்மா. அம்மா எங்க கிடக்காளோ. ஏதாச்சும் தின்னாளோ என்னவோ."

"தின்னிருப்பா கண்ணு. நீ சாப்பிடு" என்றேன். நான் பொய் சொல்லவில்லை.

தாய் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தால்தான் பணத்தைப் பற்றிப் பேசுவேன் என்று அவன் பிடிவாதமாக இருந்தான். எட்வான் பண்ணையிலிருந்து ஃபோனில் அவளைப் பேச வைத்தான். இந்தப் பக்கம் சாப்பாட்டு மேசையில், எல்லோரும் கேட்கும்படி ஃபோனை வைத்திருந்தார்கள். நான் அடுப்படியில் நின்றிருந்தேன்.

"அம்மா, உன்னை அடிச்சாங்களாம்மா?"

"இல்லடா. நல்லாத்தான் பாத்துக்கறாங்க. சாப்பாடும் நல்லா இருக்கு. அவரையில ஆரஞ்சுத் தோலெல்லாம் போட்டுத் தர்றாங்கடா."

அதோடு தொடர்பு அறுந்தது. குரலைக் கேட்ட சந்தோஷத்தில் அவன் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் என்ன சொன்னாள் என்பது அவன் காதில் ஏறவில்லை. என் காதில் ஏறியது. நான் கரண்டியைக் கழுவி வைத்தேன்.

சாயங்காலம் பண்ணைக்குப் போனேன். கதவைத் தட்டினேன். கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"பேசு கொமாத்ரே" என்றாள். "முதல் வாய் வச்சப்பவே தெரிஞ்சு போச்சு. நீ ஊசி போடற கையும் எனக்குத் தெரியாதா?"

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"பணமா? என்கிட்ட கேட்டிருந்தா நான் தந்திருக்க மாட்டேனா?"

"பணம் இல்ல" என்றேன். அந்த அறைக்குள் நான் முதல் தடவையாகப் பேசினேன். "டிவியில ஒரு கை இல்லன்னியே."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்கு உண்மையிலேயே நினைவு வரவில்லை. அப்புறம் கண் துணியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அதுவா? அவங்கதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க, அழுதா நல்லா இருக்கும்னு. அதுக்கா இதெல்லாம்? ஒரு தட்டு அவரைக்கா?" என்று சிரித்தாள். கேலிச் சிரிப்பு என்று சொல்லமாட்டேன். பயத்திலும் ஆட்கள் அப்படிச் சிரிப்பார்கள். "இங்க பாரு கொமாத்ரே. என்னை விட்டுடு. எவன்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். எம்புள்ள மேல ஆணை. உன்னை நான் மன்னிச்சாச்சு. பழையபடி ஞாயித்துக்கிழமை வர்றேன், சாப்பிடறேன், போறேன்."

நான் பயத்தில் செய்தேன் என்று எழுத வேண்டாம். சொல்லமாட்டேன் என்றால் அவள் சொல்லமாட்டாள். எனக்கு அவளை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மாதமும் பழைய உடைப் பையோடு வந்து, என் மேசையில் உட்கார்ந்து, எதையும் காட்டிக்கொள்ளாமல் சாப்பிடுவாள். மன்னித்த முகத்தோடு. நான் அதற்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அந்த முகத்தை என் வீட்டில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தாலும் இதைத்தான் நினைத்திருப்பீர்கள்.

அவளை யாரும் அடிக்கவில்லை. ஒரு விரல் படவில்லை. ஊசி போடுவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். "இன்னிக்கு ஊசி?" என்று கேட்டாள். மருந்து தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாங்கி வருகிறேன் என்றேன். அவளுக்குப் பிடித்த கொய்யாப்பழ அல்வாவும், சர்க்கரை தூக்கலாகப் போட்ட காப்பியும் கொடுத்தேன். அல்வாவைப் பார்த்தவள் என்னையும் பார்த்தாள். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். கடைசியில் காப்பியை மட்டும் குடித்தாள், தாகம். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். வாந்தியைத் துடைத்தேன். நெற்றியில் ஈரத்துணி வைத்தேன். ஒரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைய பாத்துக்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

பணம் வந்த அன்று எட்வான் ஓடி வந்தான். "அத்தை, கொடுத்துட்டான். கிழவிய ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டுட்டுக் கிளம்பிடுவோம். மூச்சு ஒரு மாதிரி இழுக்குதே அத்தை." அப்போது அவளுக்கு உயிர் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி இருபது நிமிடத் தூரம். மருந்து அந்த வீட்டு ஃபிரிட்ஜிலேயே, கதவுத் தட்டில் இருந்தது. நான் அவனிடம், "அசந்து தூங்கறாடா. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். அவன் போனபிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். முடிவதற்குள் இழுப்பு நின்றுவிட்டது. மற்றவர்கள் அவளைச் சாலையோரம் கொண்டுபோய்ப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. துணியாவது மாற்றிவிட்டிருக்கலாம்.

அடக்கத்தின்போது கிளெய்ட்சன் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். உங்களிடம் படங்கள் இருக்கும், பாருங்கள். ஏழாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். அவன் ஒன்றுமே சாப்பிடாமல் இருந்ததால் அவரையும் சோறும் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான். தட்டில் விரலைவிட்டுத் துழாவி ஆரஞ்சுத் தோலை எடுத்தான். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞானம்மா, அம்மாவும் இதைத்தான் தின்னாளா?"

நான் அவனிடம் பொய் சொன்னதே இல்லை. அவன் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரை வைத்தேன். அவன் எழுந்து வெளியே போனான். சற்று நேரத்தில் உங்கள் ஆட்கள் வந்தார்கள். எட்வானையும் மற்றவர்களையும் எங்கே தேடலாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

என் முகத்தில் இனி விழிக்கமாட்டேன் என்று அவன் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். நான் சமைத்துக் கொடுத்த பானையைக் கல்லில் அடித்து உடைத்தான் என்றும் சொல்கிறீர்கள். தாயைப் பறிகொடுத்த பிள்ளை, ஆத்திரத்தில் அப்படித்தான் செய்வான். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள், அதிகாரி அம்மா? இனி அவனுக்குத் தாய் என்று சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். பசி வந்தால் அவனுக்கே அது புரியும். நான் காத்திருக்கிறேன், எனக்கு அவசரமில்லை.