மூன்றாவது முட்டு

கட்டடம் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் பெயிண்டைத்தான் பார்க்கிறார்கள், சார். பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். எனக்கு இது முதல் கட்டடம். கீழே மூடிக்கிடந்த இரண்டு கடைகள், மேலே ஒரு வீடு. வாங்கிய நாளிலிருந்து அளவு டேப்பும் கையுமாக அலைந்தேன். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு? சாப்பாட்டையாவது உட்கார்ந்து சாப்பிடுங்களேன்" என்பாள் என் மனைவி. உட்கார்ந்தால் தொடை தானாக ஆடும். வேலை பாதியில் நின்றால் எனக்கு அப்படித்தான்.

பாதியில் நின்றது மேல்வீட்டால். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் அங்கே பத்தொன்பது வருடமாகத் தனியாகக் குடியிருந்தார். தெருவில் அவருக்கு ஊசியக்கா என்று பெயர். மருந்துக்கடை வைக்க வந்தவரோ இரண்டு தளத்தையும் சேர்த்துக் கேட்டார். கீழே நடுச்சுவர் இல்லாமல் ஒரே கூடமாகக் கடை, மேலே ரத்தப் பரிசோதனை நிலையம். மாத முடிவுக்குள் ஆகாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வாராம். ஊசியக்காவிடம் போய்க் கேட்டேன்.

"நான் ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் தம்பி. அன்னைக்கு நானே சாவியக் கொண்டுவந்து தர்றேன். அதுக்கு முன்னாடி என்னை நகர்த்தணும்னா கிரேன்தான் கொண்டுவரணும்" என்று சிரித்தார். ஒப்பந்தமும் அவர் பக்கம்தான் இருந்தது.

அதனால் சுவர் வேலையை முதலில் தொடங்கினேன். கீழ்ச்சுவரை எடுப்பதற்கு முன் இரும்புக் குழாய் முட்டுகளை நிறுத்துவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு திருகு இருக்கும். திருப்பினால் குழாய் நீண்டு மேல்தளத்தைத் தாங்கிக்கொள்ளும். சுவர் போனதும் மேலே இருக்கிற கட்டில், பீரோ, ஆள் எல்லாம் அந்த ஆறு முட்டுகளின் தலையில்தான். பிறகு இரும்பு உத்திரம் வந்து உட்கார்ந்தால் முட்டுகளுக்கு விடுதலை. உத்திரம் வர பத்து நாள் ஆகும் என்றார்கள்.

கொத்தனார் கெட்டிக்காரர். ஆறு முட்டையும் நிறுத்திக் கீழ்ச்சுவரை எடுத்ததும், மேல்வீட்டுச் சுவரில் ஒரு விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டினார். கண்ணாடி வளையாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். எவ்வளவு எளிய ஏற்பாடு, பாருங்கள். "முட்டை யாரும் தொடாதீங்க. கண்ணாடி ஒடஞ்சா அக்காவக் கையோட கீழ எறக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனார்.

மறுநாள் மூன்றாவது முட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். அதற்கு மேல் இல்லை. கதவு இறுகும், தரை சாயும், அவரே மனம் வெறுத்துக் காலி செய்வார் என்று நினைத்தேன். தினம் ஒரு கால் சுற்று. நான்காம் நாள் அவர் படியிறங்கி வந்தார்.

"தம்பி, சமையலறையில வெங்காயத்தக் கீழ வச்சா வாசலுக்கு உருண்டு போகுது. அதுக்கும் காலி பண்ணச் சொல்லிட்டியா?" என்றவர், சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார்: "உத்திரம் வர்ற வரைக்கும் தங்கச்சி வீட்டுல இருந்துட்டு வரட்டுமா?"

இருந்துவிட்டுத் திரும்பி வருவது எனக்கு எதற்குப் பயன்படும்? மேலேயே இருந்து பயம் ஊறி, ஒரேயடியாகப் போக வேண்டும். அதனால் அவரை மேலே அழைத்துப் போய்க் கண்ணாடியைக் காட்டி, அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன். உடையாதவரை ஒன்றும் ஆகாது என்றேன். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நோயாளிக்கு நான்கூட இவ்வளவு பொறுமையாச் சொன்னதில்லப்பா" என்றார். அதன் பிறகு தினமும் வேலைக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினார்.

வியாழக்கிழமை மதியம் கண்ணாடி உடைந்தது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். என்னிடம் மாற்றுச் சாவி இருந்தது. உடைந்ததைப் பார்த்தால் நேராகப் புகார் கொடுக்கப் போவார், கட்டடத்துக்குச் சீல் வைப்பார்கள், வேலை நிற்கும். அதே அளவில் வேறொரு துண்டை வெட்டி ஒட்டினேன். பழையதாகத் தெரிய வேண்டுமே என்று கொஞ்சம் தூசியும் தடவினேன். அன்று மாலை எனக்குத் தொடை ஆடவில்லை.

தளம் இடிந்து விழுந்த வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போயிருப்பார் என்று நம்பித்தான் முட்டைத் தொட்டேன் என்று நேற்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு வரியைத் திருத்திக்கொள்ளுங்கள், சார். மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார், எனக்கு நிலைகொள்ளவில்லை. தலைக்கு நேர்மேலே ஊசியக்கா நடக்கிற சத்தம் நன்றாகக் கேட்டது. நான் ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, பட்டையை இறுக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் திருகைத் திருப்பினேன்.