காலியாக விட்ட கட்டம்

தையலக்கா: மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்கம்மா. டேப்பப் பாத்ததும் எல்லாரும் வயித்த எக்கிக்கிறீங்க. அப்புறம் ஜாக்கெட் இறுக்குதுன்னு என்னைத் திட்டறீங்க.

வந்தவள்: நான் எக்கல.

தையலக்கா: சரி, எக்கல. கையத் தொங்கப் போடுங்க. ம்... முப்பத்தாறு. என்னமோ கேட்டீங்களே?

வந்தவள்: மாடி வீட்ல, அந்த மனு டைப் அடிக்கிறவங்க... இருக்காங்களான்னு.

தையலக்கா: மனுவக்காவா? கதவு எப்படி இருந்துச்சு?

வந்தவள்: பூட்டியிருந்துச்சு. ரெண்டு தடவ தட்டிப் பாத்தேன்.

தையலக்கா: பூட்டின கதவையா தட்டினீங்க?

வந்தவள்: ...ஒரு ஃபாரம் நிரப்பணும். அதுக்குத்தான்.

தையலக்கா: ஃபாரமும் நிரப்பணும், ஜாக்கெட்டும் தைக்கணும். நல்ல நாளாப் பாத்துத்தான் கிளம்பியிருக்கீங்க. துணி எங்க?

வந்தவள்: அப்புறமா கொண்டு வரேன்.

தையலக்கா: துணியே இல்லாம அளவு குடுக்க வந்த முதல் ஆளு நீங்கதான். திரும்புங்க. முதுகக் காட்டுங்க... அட.

வந்தவள்: என்ன?

தையலக்கா: வலது தோள் அரை இஞ்சு இறக்கம். இதுவரைக்கும் எந்த டெய்லரும் சொன்னதில்லையா?

வந்தவள்: இல்லையே.

தையலக்கா: அவங்கல்லாம் ஜாக்கெட் தைக்கல, பை தைச்சிருக்காங்க. இந்தத் தெருவுல இப்படி இறக்கம் இன்னொரு ஆளுக்குத்தான் உண்டு. பத்து வருஷமா அரை இஞ்சு குறைச்சே வெட்டறேன்.

வந்தவள்: ஏங்க இவ்வளவு சத்தமாப் பேசறீங்க?

தையலக்கா: மிஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசித் தொண்டை அப்படியே ஆயிடுச்சு. உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க.

வந்தவள்: அவங்களுக்கு உடம்பு சரியில்லன்னு...

தையலக்கா: யார் சொன்னா?

வந்தவள்: அங்க... வெளியில.

தையலக்கா: வெளியில சொல்லியிருக்க மாட்டாங்க. தெரு முழுக்கக் கண் ஆபரேஷன்னுதான் நான் சொல்லி வச்சிருக்கேன். எதிர்வீட்டம்மா எந்தக் கண்ணுன்னு கேட்டா. ரெண்டும்னுட்டேன்.

வந்தவள்: அப்ப கண்ணு இல்லையா?

தையலக்கா: உங்களுக்கு எதுக்கும்மா? ஃபாரம் நிரப்பத்தானே வந்தீங்க?

வந்தவள்: சும்மாதான் கேட்டேன். தெரிஞ்சவங்க மாதிரி... ஒரு பரிதாபம்.

தையலக்கா: பரிதாபமா. சரி, பரிதாபப்படறவங்ககிட்ட சொல்லலாம். ஒரு மாசமா நாக்கு எனக்கு அரிச்ச அரிப்பு இருக்கே, அதுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருந்தா நானே போய்ப் படுத்திருப்பேன். ஒருநாள் ஆறு ஜாக்கெட்டப் பையில போட்டுக்கிட்டு இறங்கி வந்தா. இடது பக்கம் மாருக்குப் பிடிச்ச டாட் எல்லாத்தையும் பிரிச்சுத் தட்டையாப் பிடிச்சுக் குடுன்னா. யாருக்குன்னு கேட்டேன். மனு அடிக்க வந்த ஒரு அம்மாவுக்காம்.

வந்தவள்: நீங்க நம்பிட்டீங்களா?

தையலக்கா: நான் தைச்ச ஜாக்கெட்டு. வலது தோள் அரை இஞ்சு குறைச்சது. அக்குள்ல நானே வச்ச ஒட்டு. அதையே என்கிட்டக் கொண்டாந்து நீட்டி, எவளோ ஒருத்திக்குங்கறா. நாள் முழுக்க ஊராரோட கஷ்டத்த அழகா டைப் அடிச்சுக் குடுக்கிறவளுக்கு ஒரு பொய் ஒழுங்காச் சொல்ல வரல.

வந்தவள்: அப்புறம்?

தையலக்கா: அப்புறம் என்ன, தையல் பிரிக்கிற மாதிரி ஒவ்வொண்ணா உருவினேன். குளிக்கும்போது மார்ல ஒரு கட்டி கையில தட்டுப்பட்டிருக்கு. கடலைப் பருப்பு அளவுங்கறா. நாலு மாசம் யார்கிட்டயும் வாயத் திறக்கல. அப்புறம் தானாப் போய்க் காட்டியிருக்கா. ஊசி போட்டு எடுத்துப் பாத்துட்டு, ஆமான்னுட்டாங்க.

வந்தவள்: நாலு மாசமா... தனியாவா?

தையலக்கா: கூட யாரு இருக்கா? தண்ணி எடுத்துக்கறீங்களா?

வந்தவள்: வேண்டாம். டாக்டர் என்ன சொன்னாராம்?

தையலக்கா: பெரிய டாக்டரம்மா ரெண்டு வழி சொல்லியிருக்காங்க. ஒண்ணு, மொத்தமா எடுத்துடறது. அவளுக்கு இருக்கற கட்டிக்கு அதோட வேலை முடிஞ்சிடுமாம். இன்னொண்ணு, கட்டிய மட்டும் எடுத்துட்டு மிச்சத்த விட்டுடறது. ஆனா அப்புறம் அஞ்சு வாரம், சனி ஞாயிறு விட்டு இருபத்தஞ்சு நாள் கதிர்வீச்சு, அதான் கரண்ட் வைக்கணும். தினம் போகணும், வரணும். ரெண்டுல எதுல போனாலும் ஆயுசு ஒண்ணுதான், நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கன்னு சொல்லியிருக்காங்க.

வந்தவள்: அவ என்ன சொன்னா?

தையலக்கா: அவ எங்க யோசிச்சா? நேரா என்கிட்ட ஆறு ஜாக்கெட்டோட வந்து நிக்கறா.

வந்தவள்: மொத்தமா எடுக்கவா?

தையலக்கா: ஏன்டின்னு கேட்டேன். இருபத்தஞ்சு நாள் லீவு போட முடியாதாம், பஸ் ரெண்டு மாறணுமாம், வெயிலாம். கடைசியா உண்மை வந்துச்சு. கரண்ட் வச்சா ரெண்டாவது வாரத்துலேர்ந்து உடம்பு துணி மாதிரித் துவண்டுடும், தோல் எரியும், கூட ஒரு ஆள் கூட்டிட்டு வாங்கன்னு நர்ஸு சொல்லியிருக்கு. ஆளுக்கு எங்க போறது, எடுத்துட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்ங்கறா. ஆளில்லாத குறைக்கு மார எடுக்கறவள நான் இப்பத்தான் பாக்கறேன்.

வந்தவள்: நீங்க கூடப் போகலாமே.

தையலக்கா: நல்லாக் கேட்டீங்க. நானும் அதத்தான் சொன்னேன். கடைய மூடிட்டு எத்தன நாள் வருவ, மூணா நாலா, அஞ்சாவது நாள் உன் மூஞ்சிய நான் பாக்கணும்ல அப்படின்னா. வாய் மட்டும் குறையல.

வந்தவள்: அவ அப்படித்தான்... அவங்க அப்படித்தான் போல.

தையலக்கா: போல.

வந்தவள்: சரி, தைச்சுக் குடுத்துட்டீங்களா? அந்த ஆறையும்?

தையலக்கா: எங்க. மிஷின் பெல்ட் அறுந்துடுச்சுன்னேன். அப்புறம் நூல் கலர் கிடைக்கலன்னேன். அப்புறம் எனக்கு இடுப்பு வலி. மூணு வாரமா இழுத்துட்டிருக்கேன். வெட்டினா வெட்டினதுதானே, அப்புறம் ஒட்டவா முடியும்?

வந்தவள்: நான் வரும்போது மிஷின் ஓடிட்டிருந்த மாதிரி...

தையலக்கா: காது நல்லாக் கேக்குது உங்களுக்கு. நாளைக்குக் காலையில ரெண்டுல எந்த வழின்னு அவ ஃபாரத்துல டிக் போட்டுக் குடுக்கணும். நாளன்னிக்கு ஆபரேஷன். இனிமே எனக்கு வேற வலி எதுவும் மிச்சமில்ல.

வந்தவள்: அந்தத் திரை அசையுது. உள்ள யாராவது இருக்காங்களா?

தையலக்கா: ஒரு ஜாக்கெட்டுக்கு ஊசி குத்தி நிறுத்தி வச்சிருக்கேன். ஃபேன் காத்துக்கு ஆடும். கிட்டப் போயிடாதீங்க, கலைஞ்சிடும்.

வந்தவள்: ம்.

தையலக்கா: மேல போய் அவ வீட்டப் பாக்கணுமே நீங்க. போன வாரம் போனேன். அலமாரி மேல்தட்டு மொத்தமும் காலி. எல்லாத்தையும் இறக்கிக் கீழ வச்சிருக்கா. ஏன்னு கேட்டா, கொஞ்ச நாளைக்கு இடது கையத் தூக்க முடியாதுல்லங்கறா. இப்பவே ஒத்தக் கையில தலை சீவிப் பாக்கறா. அதுகூடப் பரவாயில்ல. சமையக்கட்டுல சர்க்கரை எடுக்கலாம்னு டப்பாவத் தூக்கினேன், மூடி கையோட வந்துடுச்சு, கொட்டிட்டேன். பாத்தா, எல்லா டப்பாவும் அப்படித்தான். ஒவ்வொரு மூடியையும் திருகி லூசாக்கி வச்சிருக்கா.

வந்தவள்: எதுக்கு?

தையலக்கா: ஆபரேஷன் முடிஞ்சு வந்தா இறுக்கமான மூடியத் திறந்து குடுக்க ஆள் வேணும்ல.

வந்தவள்: ஒவ்வொரு மூடியுமா...

தையலக்கா: இந்தாங்க, துணி. கட்பீஸ்தான், சுத்தமானது. கண்ணத் துடைச்சுக்குங்க.

வந்தவள்: தூசி.

தையலக்கா: தையல் கடைன்னா தூசி இருக்கத்தான் செய்யும். இப்போ நல்லாத் தூங்கணும்ல அவ, அதுவும் இல்ல. ஆபரேஷன் பண்ணின பக்கம் படுக்கக் கூடாதாம். அதனால இப்பவே வலது பக்கமாப் படுத்துப் பழகறாளாம்.

வந்தவள்: வலது பக்கம் படுத்தா அவளுக்குத் தூக்கமே வராதே.

தையலக்கா: யாருக்கு?

வந்தவள்: இல்ல, பொதுவாச் சொன்னேன்.

தையலக்கா: ஃபாரம் நிரப்ப வந்தவங்களுக்கு அவ எந்தப் பக்கம் படுப்பான்னுகூடத் தெரிஞ்சிருக்கு.

வந்தவள்: நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க?

தையலக்கா: தோள்ல டேப்ப வச்சப்பவே. வாசல் வழியாத் தெரியுது பாரு, மாடிப்படிக்குக் கீழ ஒரு பெட்டி நிக்குதே, அதப் பாத்தப்ப உறுதியாயிடுச்சு.

வந்தவள்: அது யாரோடதோ.

தையலக்கா: யாரோடதோதான். சக்கரம் வச்சது, நீலக் கலரு, ஒரு கைப்பிடியில ரப்பர் சுத்தியிருக்கு. கனத்துல ஒரு பக்கமா சாஞ்சே நிக்குது. ரெண்டு நாளைக்கு வர்றவங்க இவ்வளவு கனமாக் கொண்டு வர மாட்டாங்க. தங்கச்சிதானே நீ?

வந்தவள்: ...ஆமா.

தையலக்கா: யார் சொல்லி வந்த?

வந்தவள்: ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. நேத்து. நீங்கதானே கூட இருக்கப் போறீங்க, ஆபரேஷன் அன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடுங்கன்னு. தப்பான நம்பர்னு சொல்ல வாயத் திறந்தேன். அவ பேரச் சொன்னாங்க, இந்த விலாசத்தையும் சொன்னாங்க.

தையலக்கா: உன் நம்பரா குடுத்திருக்கா? அடிப்பாவி. என்கிட்ட சும்மா ஏதோ எழுதினேன்னா.

வந்தவள்: என்ன சொன்னா?

தையலக்கா: கூட இருக்கறவர் பேரு, உறவு, போன் நம்பர்னு ஒரு கட்டமாம். காலியா விட்டுக் குடுத்திருக்கா. திருப்பி அனுப்பிட்டாங்க. மறுபடியும் காலியாவே குடுத்திருக்கா. மறுபடியும் திருப்பிட்டாங்க. இவளே ஆபீஸ் வாசல்ல உக்காந்து வர்றவங்களுக்கெல்லாம் சொல்றவதானே, கட்டத்தக் காலியா விடாதீங்க, திரும்பி வந்துடும், எதையாவது எழுதுங்கன்னு. மூணாவது தடவ எழுதிட்டா. எழுதின ஆள யாரு கூப்பிடப் போறான்னு நினைச்சிருப்பா.

வந்தவள்: பதினோரு வருஷம் ஆச்சு. என் நம்பர் அவளுக்கு ஞாபகம் இருக்கும்னே நான் நினைக்கல.

தையலக்கா: நீ மாத்தலையே.

வந்தவள்: மாத்தத் தோணல. வீட்டுக்காரர் ரெண்டு தடவ சொன்னார், புது நம்பர் வாங்கிக்கலாம்னு. நான்தான் வேண்டாம்னேன்.

தையலக்கா: ம்... என்ன சண்டை?

வந்தவள்: அம்மாவுக்கும் இதேதான். எனக்கு அப்ப பிரசவ நேரம். நான் பயந்துடுவேன்னு ரெண்டு பேரும் சேர்ந்து மறைச்சுட்டாங்க. குழந்தையத் தூக்கிட்டு வந்து பாத்தேன், அம்மா முழுசா உருகிப் போய்ப் படுத்திருக்காங்க. ஒன்பது நாள்தான் கூட இருந்தேன், அம்மா போயிட்டாங்க. அவமேல அவ்வளவு கோபம். இனிமே எதையும் எனக்குச் சொல்லாதன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன்.

தையலக்கா: சொன்னத அப்படியே கேட்டுட்டா.

வந்தவள்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

தையலக்கா: அவ கடிதாசியா எடுத்துக்கிட்டா. எல்லாத்தையும் எழுத்துல இருக்கற மாதிரியே எடுத்துக்கறவ. கூடப் பொறந்தவங்க இருக்காங்களா, அவங்களும் வந்து பரிசோதனை பண்ணிக்கணும்னு டாக்டரம்மா சொன்னதுக்கு, யாரும் இல்லன்னு சொல்லிட்டு வந்தாளாம். அன்னிக்கு ராத்திரி முழுக்க வலது பக்கமும் தூக்கம் வரல, இடது பக்கமும் வரலன்னா. நீயும் போய்க் காட்டு. மறந்துடாத.

வந்தவள்: காட்டறேன். ஆனா அவ முன்னாடி போய் எப்படி நிக்கறது? என்னன்னு பேசறது? போன்னு சொல்லிட்டா?

தையலக்கா: சொன்னா, அந்தப் பெட்டியத் திரும்பத் தூக்கிட்டுப் போக உன்னால முடியாது. கவலைப்படாத.

வந்தவள்: எப்ப வருவா?

தையலக்கா: ஊசிய எடுத்து விட்டா வருவா.

வந்தவள்: என்ன ஊசி?

தையலக்கா: ஒரு ஜாக்கெட்டுக்கு ஊசி குத்தி நிறுத்தியிருக்கேன்னு சொன்னேன்ல. ஆள நிக்க வச்சுத்தான் குத்தினேன். உடம்புல போட்டுப் பாக்காம எதையும் வெட்ட மாட்டேன்னு சொல்லி இன்னிக்குத்தான் கீழ இறக்கினேன். பாதியில நீ வந்துட்ட.

வந்தவள்: ...அக்கா?

தையலக்கா: என்னைப் பாக்காத. அங்க பாத்துக் கூப்பிடு.

வந்தவள்: அக்கா.

திரைக்குப் பின்னாலிருந்து: ...கிட்ட வராத, எல்லாம் ஊசி. அந்தப் பெட்டியில அஞ்சு வாரத்துக்குத் துணி இருக்கா?