கச்சேரிக்குத் தொட்டடுத்து

தக்கலை போற பஸ்ஸுல எனக்கு முன்சீட்டுல ரெண்டு பொம்பளைய. மூத்தவ சொன்னா, "கச்சேரியால எம்மவனுக்க கல்யாணம் நின்னிரும் போல."

எனக்கு சங்கீதம்னா காது அடைச்சுக்கிடும். அடுத்தவன் கல்யாணம்னா தானா தொறந்துக்கிடும்.

"என்ன மைனி சொல்லுதிய?"

"பெண்ணுக்க அம்மா மதுரைலேருந்து போன் பண்ணி, வீடு எங்கன்னு கேட்டா. பழைய கச்சேரிக்குத் தொட்டடுத்துன்னேன். அய்யோ, எம்மகளுக்குப் பாட்டுச் சத்தம் ஆவாதேங்கா."

"கச்சேரின்னா ராஜா காலத்துத் தாலுக்கா ஆபீசுன்னு சொல்லப்பிடாதா?"

"சொன்னேம்லா. ஆபீசுல எதுக்குப் பாடுதாவன்னு கேக்கா."

"அந்த ஓட்டுக் கெட்டடத்த இடிச்சு எத்தன வருசமாச்சு! அதச் சொல்லுங்க."

"இடிச்ச எடத்துல இப்ப என்ன இருக்கு?"

எளையவ கொஞ்சம் யோசிச்சா. "கல்யாண மண்டபம்."

"அதச் சொல்லவா?"

"இடிச்சதோட நிறுத்துங்க மைனி."

மைனி போனப் போட்டா. "சம்மந்தி, அது வெறும் பழைய பேராக்கும். கெட்டடமே இல்ல. ஈ பறந்தாக்கூடக் கேக்கும், அவ்வளவு அமைதி."

பஸ் நின்னுது. "பழைய கச்சேரி எறங்கு!"ன்னு கண்டக்டர் கத்தினாரு. எதுத்தாப்புல மண்டபத்துல செண்டைமேளம் தொடங்கிச்சு.

மைனி திரும்பி என்னையப் பாத்தா. "இல்ல சம்மந்தி, பின்சீட்டுல ஒரு ஆளுக்க செல்லு அடிக்கி. எடுக்கவே மாட்டங்கான்."

நான் அவசரமா சட்டைப்பையத் தடவினேன். எங்கிட்ட செல்லே கெடையாது.