திருத்திய வயது

– இந்தக் குழாயில இன்னும் ஒரே தடவை ஊது, இப்புகி. வயிறு ஒட்டணும்… போதும், போதும். பாருங்க கனாயே சான், மூணு மாசம் முன்கூட்டியே பொறந்த நுரையீரல்னு இதை யாராவது சொல்வாங்களா?

– மாட்டு நுரையீரல்லேருந்து எடுத்த மருந்தத் தொண்டையில ஊத்துனீங்களே, அது வேலையச் செஞ்சிருச்சு. மூச்சப் பத்தி எனக்குக் கவலையில்ல, தொகாஷி சான்.

– அப்புறம் என்ன? ஏழு வயசாச்சு. ஓடுறான், படிக்கிறான். இனிமே செக்கப்புக்கே வர வேண்டாம்னு டாக்டர் எழுதிடுவார்.

– அதுக்கு முன்னாடி நீங்க இவன்கிட்டப் பேசணும். கண்ணாடிப் பெட்டியில வச்சு இவன வளத்த நர்ஸ் நீங்கதான. என்னமோ, பொறந்த நாள் கேக்கைத் தொட மாட்டேங்குறான். அக்டோபர்ல பொறந்தது இவன் இல்லையாம். ஜனவரியிலதான் வந்தானாம்.

– அட, இவ்வளவுதானா. பாருங்க, குறைமாசப் பிள்ளைங்க எல்லாருக்கும் ரெண்டு பொறந்த நாள். பொறந்தது ஒண்ணு, பொறந்திருக்க வேண்டியது ஒண்ணு. திருத்திய வயசுன்னு நாங்களே சொல்லுவோம். காதுல விழுந்திருக்கும்.

– நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா… நீயே சொல்லுடா கண்ணா.

– அக்டோபர்ல வந்தவன்தான் இப்புகி. பனி கொட்டுன அன்னிக்கு அவன் போயிட்டான்.

– எங்க போனான்?

– தெரியல. மூச்ச நிறுத்திட்டான். நெஞ்சும் நின்னு போச்சு. தொகாஷி சான், நீங்க ரெண்டு விரல வச்சு அமுக்குனீங்க.

– கனாயே சான், சின்னப் பிள்ளைகிட்டப் போய் இதையெல்லாம் ஏன் சொன்னீங்க?

– எதச் சொன்னேன்?

– கொஞ்சம் உக்காருங்க.

– எதச் சொன்னேன்னு கேக்குறேன், தொகாஷி சான்.

– அந்த ஜனவரி நாள்தான் இவன் பொறந்திருக்க வேண்டிய நாள். பனியில ரயில் நின்னுபோய் உங்களால வர முடியல. கொஞ்ச நேரம்தான்… உங்களப் பயமுறுத்த வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கல.

– எம்பிள்ள செத்தத ஏழு வருஷமா மறைச்சீங்களா?

– சாகல. இதோ உக்காந்திருக்கான் பாருங்க. நான்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வர வச்சேன்.

– இவன் எம்பிள்ளதான? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நம்பிக்கிறேன். எனக்கு அது போதும்.

– உங்க பிள்ளதான். இப்புகி, அம்மாகிட்டச் சொல்லு. நான் கூப்பிட்டதும் திரும்பி வந்தது நீதான?

– அம்மா வந்துட்டாங்க, ஓடி வான்னு பொய் சொன்னீங்க. அவன் வரல. எனக்கு அம்மா இல்ல. அதான் நான் வந்தேன்.